கம்பு விழுந்த கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று ரிலே ஓட்டத்தில் கம்பு விழுந்ததற்குக் காரணம் முருகன் அல்ல... நான்.

மற்ற ஊர்க்காரர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். மட்டாஞ்சேரியில் எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு நெஞ்சு ஒரு நிமிடம் நின்று ஓடும்!

எங்கள் அரசு உயர்நிலைப் பள்ளிக்குச் சொந்த மைதானம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. மிளகும் சுக்கும் அடுக்கிய குடோன்களுக்கு நடுவே எழும்பிய கட்டடம். தமிழ், கொங்கணி, குஜராத்தி, மலையாளம் என்று எல்லா மொழியிலும் சண்டை போடத் தெரிந்த பிள்ளைகள். நீளம் தாண்ட மணல் கிடையாது. குண்டு எறிந்தால் யார் வீட்டு ஓடாவது உடையும். எங்களுக்கென்று இருந்தது ஒன்றுதான் — ஞாயிற்றுக்கிழமை லாரி வராத குடோன் தெரு.

நேரான தெருவில் என்ன செய்ய முடியும்? ஓடலாம். கம்பு மாற்றிப் பழகலாம். அப்படித்தான் நாங்கள் ரிலேப் பள்ளிக்கூடம் ஆனோம். எர்ணாகுளத்துப் பெரிய பள்ளிகள் ஷூ போட்டு வரும். வெறுங்காலில் ஓடும் எங்களிடம் தோற்றுவிட்டுப் போகும். ஜில்லாக் கோப்பை எங்கள் ஹெட்மாஸ்டர் அறையில் நிரந்தரமாகக் குடியிருந்தது.

அந்தக் கோப்பையை வெளியே அனுப்பியவன் நான்.

ரிலேயில் கம்பு வாங்குகிறவன், கம்போடு வருகிறவன் பாதையில் ஒரு கோடு போட்டு வைப்பான். வருகிறவன் கால் அந்தக் கோட்டைத் தாண்டியதும் இவன் கிளம்ப வேண்டும். மற்ற பள்ளிகள் சுண்ணாம்பில் கோடு போடும். எங்களுக்கு மஞ்சள் பொடி. குடோன் தரையில் கூட்டி அள்ளியது! எங்கள் டிரில் மாஸ்டர் அதைக் காலால் அளந்து, தானே குனிந்து போட்டுக் கொடுப்பார்.

அந்த வருஷ ஜில்லாப் போட்டியில் முருகன் மூன்றாவது ஆள். நான் கடைசி. கேலரியில் காலேஜ்காரர்கள் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்குப் பையன்களைப் பார்க்க வந்திருந்தார்கள். கொஞ்சம் முன்னதாகக் கிளம்பினால், அவர்கள் கண்ணில் படும்போது நான் பறந்துகொண்டிருப்பேன் அல்லவா? மாஸ்டர் அந்தப் பக்கம் போனதும் கோட்டைக் காலால் அழித்தேன். முருகன் வரும் பக்கமாகத் தள்ளிப் புதிதாக ஒன்று போட்டேன்.

முருகன் புயல் மாதிரி வந்தான். நான் எப்போதோ கிளம்பிவிட்டேன். அவன் எக்கினான்... கம்பின் நுனி என் விரலில் உரசி விழுந்தது.

“ஆராடா வடி களஞ்ஞது?” — மாஸ்டர் ஓடி வந்தார். கம்பைத் தொலைத்தது யார் என்று கேட்டார். நான் முருகனைக் காட்டினேன்.

என் அப்பா வக்கீல் குமாஸ்தா. அவன் அப்பா முனிசிபாலிட்டியில் தெருக் கூட்டுகிறவர். யார் சொல்லை நம்பியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? நான் கிளம்பிய வேகத்தைப் பார்த்து எனக்குக் காலேஜில் சீட் கிடைத்தது. அவனுக்கு ‘வடி களஞ்ஞ முருகன்’ என்ற பெயர் கிடைத்தது. அவன் அதற்குப் பிறகு ஓடவில்லை. அப்பா வேலைக்கே போனான்.

அன்று குழாயடியில் நின்று கால் பெருவிரல் மஞ்சளைத் தேய்த்துக் கழுவியது மட்டும் எனக்கு மறக்கவே இல்லை.

போன மாதம் பள்ளியின் விளையாட்டு விழா. இப்போதும் இரவல் மைதானம்தான். பள்ளியின் ரிலேப் பெருமையைப் பேச என்னை அழைத்திருந்தார்கள் — என்னை! கேட்டுக்கு வெளியே முருகன் நின்றுகொண்டிருந்தான்.

“உள்ள வாடா.”

“வேணாம் சாமி. பேத்தி ஓடறா. நான் உள்ள வந்தா அவளையும் அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடுவானுங்க. இங்கிருந்தே நல்லாத் தெரியுது.”

கேட் கம்பிக்கு இடையில் என்ன தெரியும்? ஒரு பந்தலின் முதுகு தெரிந்தது. அங்கேயே எல்லாவற்றையும் சொன்னேன். கோட்டை அழித்தது, தள்ளிப் போட்டது, விரல் நீட்டியது.

அவன் கம்பியைப் பிடித்தபடி நின்றான்.

“எங்கம்மா போய்ச் சேர்ற வரைக்கும், ‘நீ கம்பை இறுக்கிப் பிடிச்சிருக்கலாமேடா’ன்னு சொல்லிட்டே இருந்துச்சு.” பிறகு பந்தலைக் காட்டி, “எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? உள்ள போங்க... மைக்குல சொல்லுங்க.”

சொன்னேன். நடந்தது அத்தனையும். பிறகு கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல்! வார்டு கவுன்சிலர் எழுந்து என்னைக் கட்டிக்கொண்டார். “எந்தொரு மனசு சாரே!” என்று, தனக்குப் போட்ட பொன்னாடையை எடுத்து எனக்குப் போட்டார்.

முருகன் கேட்டுக்குள் வந்து சுவரோரமாக நின்றிருந்தான். பேத்தி ஓடினாள். இரண்டாவதாகத்தான் வந்தாள். ஆனால் கம்பு கையில் இருந்தது. மூச்சு வாங்க நேரே தாத்தாவிடம் ஓடி வந்தாள். நானும் போய்ச் சேர்ந்தேன்.

அப்போதுதான் சாயாக்கடைக்காரர் கேட் அருகிலிருந்து அன்பாக டீ குடிக்கக் கூப்பிட்டார்: “வடி களஞ்ஞ முருகேட்டா... வா, ஒரு சாயா குடிக்காம்!”

அவரும் என் பேச்சைக் கேட்டவர்தான். கைதட்டியவர்தான். பேத்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. பொன்னாடையை எடுத்து முருகனிடம் நீட்டினேன்.

“வேணாம் சாமி” என்றான், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு. “கையில குடுக்காதீங்க. அப்புறம் நான்தான் கீழ விட்டேன்னு சொல்லுவீங்க.”

பொன்னாடை இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது.