ஒப்புதல் பெட்டியில் தயாளன்

ஜெயக்கொடி சேலையூர்க்காரி. தாம்பரம் சானடோரியத்தில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை. ஒரு கோரிக்கை யாரிடமிருந்து யாருக்குப் போக வேண்டும், யார் சம்மதித்தால் அடுத்த படி, பதில் வராவிட்டால் யாருக்கு நினைவூட்டல் என்பதையெல்லாம் திரையில் பெட்டி பெட்டியாக வரைந்து கோடு இழுப்பாள். அப்புறம் யாரும் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாக அலைய வேண்டாம், கணினியே பார்த்துக்கொள்ளும்.

அவள் கணவன் தயாளனுக்கும் அங்கேதான் வேலை, கொள்முதல் பிரிவில். 2006இல் கம்பெனியின் சொந்தக் கொள்முதலுக்கே அவள் இப்படி ஓர் ஏற்பாடு செய்தாள். ஒப்புதல் பெட்டியில் பதவியைத்தான் எழுதப் போனாள். ஆள் மாறினாலும் பதவி மாறாது என்பது அந்தத் தொழிலின் பாலபாடம். தயாளன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான்.

“பர்ச்சேஸ் ஆபீசர்னு போட்டா யாருக்குத் தெரியப் போகுது? என் பேரையே போடேன்.”

“நாளைக்கு நீங்க வேற கம்பெனிக்குப் போயிட்டா?”

“போனா மாத்திக்க. நீதான் இருக்கியே.”

சிரித்துக்கொண்டே போட்டாள்.

மறு வருஷம் மழைக்காலத்தில் கேம்ப் ரோட்டில் தண்ணீர் லாரி அவன் வண்டியில் மோதியது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

காரியமெல்லாம் முடிந்து அவள் வேலைக்குத் திரும்பினாள். தயாளன் இடத்துக்குத் தனக்கோடி என்பவர் வந்திருந்தார். ஆனால் ஒரு கோரிக்கையும் அவரிடம் வரவில்லை. எல்லாம் இன்னமும் தயாளனுக்கே போய்க்கொண்டிருந்தன. பதில் இல்லாததால் காலைதோறும் அவனுக்கு நினைவூட்டல் வேறு. அவசரமானதை மட்டும் மேலாளர் சம்பந்தம் தனியாகக் கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். பெயரை எடுக்கச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

“எப்படி எடுக்கணும்னு எனக்குத் தெரியும்க்கா,” என்றான் அவளோடு வேலை பார்த்த சூர்யா. “கை வரலை.”

ஜெயக்கொடி தானே உட்கார்ந்தாள். பெயரை அழித்ததும், பெட்டி காலியாக இருக்கக் கூடாது என்றது திரை. பர்ச்சேஸ் ஆபீசர் என்று அடித்தாள். காத்திருக்கும் கோரிக்கைகளையும் மாற்றட்டுமா என்று கேட்டது. சரி என்று அழுத்தினாள். நாற்காலி, பிரின்டர் மை, குடிநீர் கேன் என்று ஒவ்வொன்றாக அவன் பெயரை விட்டு நகர்ந்தன. கடைசிக் கோரிக்கை போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சற்று நேரத்தில் தனக்கோடி அவள் மேசைக்கு வந்தார். எல்லாம் வந்துவிட்டதென்று சொல்லிவிட்டுப் போகாமல் தயங்கி நின்றார்.

“உங்களுக்குக் கஷ்டமா இருந்தா இன்னும் கொஞ்ச நாள் அப்படியே விட்டுடலாம்மா. நான் சமாளிச்சுக்குவேன்.”

“வேணாம் சார்,” என்றாள். “அவருக்கு வேலை தேங்கிக் கெடந்தா பிடிக்காது.”

தனக்கோடி தலையசைத்துவிட்டுப் போனார். வீட்டில் அத்தனை பேர் சுற்றி இருந்தபோது வராத அழுகை அப்போது வந்தது. சூர்யா எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினான்.