வலை கட்டிய காய்

வண்ணாரப்பேட்டை மெட்ரோ வாசலில், மாட்டுக்கொம்பு போல விரிந்து கறுத்துத் தொங்கிய காயை மகள் காட்டினாள். கள்ளிமந்தாரைக் காய். நெட்டுக்குப்பத்தில் என் நைனா அதற்கு வலை கட்டியது நினைவுக்கு வந்தது.

மீஞ்சூரில் வாழ்க்கைப்பட்ட அக்கா, எங்கள் வெள்ளைப் பூ மரம் தனக்கும் வேண்டுமென்றாள். நடுவதற்குக் கிளையை வெட்ட அம்மா விடவில்லை. அபூர்வமாகக் காய்த்த ஒரு ஜோடிக் காயைத்தான் நம்பினோம். அது முற்றிக் கறுக்க எட்டு மாதத்துக்கு மேல் ஆனது. வெடித்தால் விதை பறந்துவிடும் என்று நைனா தன் பழைய மீன்வலையைச் சுற்றினார்.

ஒரு காலையில் பார்த்தால், காய் வெடித்து, இறக்கை வைத்த விதைகளெல்லாம் வலைக்கண் வழியே பறந்துவிட்டிருந்தன. ஒன்றுதான் சிக்கியிருந்தது.

"வஞ்சிரம் புடிக்கிற வலையில வெதை நிக்குமாயா?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்த ஒரு விதை மீஞ்சூரில் மரமாகி, நான்காம் வருடம் இளஞ்சிவப்பாகப் பூத்தது.

"இது நம்ம வூட்டு மரமே இல்ல நைனா" என்று அக்கா அழுதாள்.

"நீ மட்டும் இன்னா, எங்கள மாதிரியேவா கீற?" என்றார் நைனா.

மெட்ரோ வாசலில் அந்தக் காயைப் பறித்துப் பிளந்து மகளின் உள்ளங்கையில் ஒரு விதையை வைத்தேன். என்ன நிறத்தில் பூக்கும் என்று கேட்டாள். தெரியாது என்றேன்.