பேசிக்கொண்டே பதினெட்டு கிலோமீட்டர்

கர்லூ பிளாட் என்ற ஊரில் நாய்களோடு நாயாக ஊர்வலம் போன ஒரே மனுஷி நெரிடா பென்ரோஸ்தான். அதற்காக ஊரார் அவளுக்குச் சிலை வைக்கவில்லை. அவளைப் பார்க்கும்போதெல்லாம் குரைத்தார்கள்.

நடந்தது இதுதான். அந்தப் பக்கத்தில் குளிர்காலமான ஜூன் மாதத்து நீள விடுமுறையில், கோதுமை விதைப்பு முடிந்த கையோடு, ஊரை ஒட்டிய உப்பு ஏரியைச் சுற்றி ஓட்டம் நடக்கும். பதினெட்டு கிலோமீட்டர். பள்ளிப் பேருந்து ஓட்டுகிற நெரிடா, ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, நாமும் ஓடினால்தான் என்ன என்று பெயர் கொடுத்துவிட்டாள். பாதி ஏரி தாண்டுவதற்குள் கால் பின்னிக்கொண்டது. மூச்சு கொல்லன் துருத்தி மாதிரி இரைந்தது. வேலிக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றவளை, கடைசி ஆளுக்குப் பின்னால் வரும் பிக்கப் வண்டி அள்ளிக்கொண்டது. முன் இருக்கையில் கணுக்கால் பிசகிய இரண்டு பேர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். மிச்சமிருந்த இடம் பின்னால், திறந்த தொட்டியில், ஆடு மேய்க்கும் மூன்று நாய்களுக்கு நடுவில்.

நாய்கள் பெருந்தன்மையாக நடந்துகொண்டன. ஒன்று அவள் மடியில் தலை வைத்துத் தூங்கியும்விட்டது. வண்டி கடைத்தெரு வழியாக உருண்டு எல்லைக்கோட்டில் வந்து நின்றபோது, ஊர் மொத்தமும் அங்கே ரொட்டிக்குள் தொத்திறைச்சி வைத்துத் தின்றுகொண்டிருந்தது. மெல்வதை நிறுத்திவிட்டு எல்லா வாயும் குரைத்தது.

அன்று ஆரம்பித்த குரைப்பு நிற்கவில்லை. ரொட்டிக்கடையில் குரைத்தார்கள். பேருந்தின் கடைசி இருக்கையிலிருந்து பிள்ளைகள் குரைத்தார்கள். எல்லோருக்கும் மேலே டார்சி ஹாஸ்கின் இருந்தான். ஆட்டு ரோமம் கத்தரிப்பது அவன் தொழில். ஊரிலேயே வேகமான கால்களும் அவனுடையவைதான்.

"என்னம்மா நெரிடா, அடுத்த வருஷத்துக்கும் பின் சீட்டு புக் பண்ணியாச்சா?"

"பண்ணிட்டேன்டா. நீ வந்தா உனக்கும் ஒரு எலும்பு எடுத்து வைக்கிறேன்."

பதில் சொல்வதில் நெரிடாவை அடிக்க ஆள் கிடையாது. எல்லோரோடும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் சாயங்காலம் பேருந்தைக் கொட்டகையில் விட்டு எஞ்சினை அணைத்த பிறகு, ஸ்டியரிங்கில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இறங்காமலே உட்கார்ந்திருப்பாள். அப்படி உட்கார்ந்திருந்த ஒரு நாளில்தான் முடிவு செய்தாள். வருகிற ஜூனில் ஏரியைச் சுற்றித் தன் சொந்தக் காலால் வந்து சேரவேண்டும். ஜெயிக்க வேண்டாம். கால் போதும்.

முதலில் அவள் செய்தது மகா தப்பு. ஓட்டம் என்றால் உயிர் போகவேண்டும் என்று நினைத்தாள். உயிர் போனால்தானே உடம்புக்கு உறைக்கும்? கொட்டகையிலிருந்து தானியம் சேமிக்கும் கோபுரம் வரைக்கும், பின்னால் போலீஸ் துரத்துகிற மாதிரி ஓடுவாள். கோபுரத்தின் நிழலில் வாந்தி எடுப்பாள். பிறகு பெருமையாக வீட்டுக்கு நடப்பாள். மறுநாளும் அதே கோபுரம், அதே வாந்தி. ஆகஸ்டில் இரண்டு கணைக்கால் எலும்புகளும் பல்வலி மாதிரி வலிக்க ஆரம்பித்தன. பேருந்தின் படியில் இறங்கக்கூட முடியவில்லை. தூரமோ ஒரு மயிரிழைகூட நீளவில்லை. இத்தனை கஷ்டப்பட்டு ஒருத்தி இருந்த இடத்திலேயே இருக்க முடியும் என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

வலி குறைந்து மறுபடி கிளம்பிய நாளில் மெர்ல் கிட்டோ சைக்கிளோடு கூட வந்தாள். மெர்ல் ரொட்டிக்கடையில் நிற்பவள், நெரிடாவின் சிநேகிதி. இளமையில் வலைப்பந்து ஆடி முழங்காலைக் கெடுத்துக்கொண்டவள்; மருத்துவர் சைக்கிள் ஓட்டச் சொல்லியிருந்தார். அவளுக்குத் தெரியாத சங்கதி ஊரில் கிடையாது. அவளுக்குத் தெரியாவிட்டால் அது நடக்கவே இல்லை என்று அர்த்தம்.

"மருந்துக்கடை கென்வின் மீசைக்குச் சாயம் அடிச்சிருக்கான், பாத்தியா?" என்று ஆரம்பித்தாள் மெர்ல். "யாருக்காகன்னு சொல்லு பாப்போம்."

நெரிடாவுக்கு விடை தெரியும். நாக்கு நுனியில் நின்றது. ஆனால் வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

"என்னடி, வாய்ல கொழுக்கட்டையா? தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லு. நான் கடைல போய் வேற யார்கிட்டயாவது சொல்லிக்கிறேன்."

அதை மட்டும் நெரிடாவால் தாங்க முடியாது. ஓட்டத்தைக் குறைத்தாள். இன்னும் குறைத்தாள். நடைக்கும் ஓட்டத்துக்கும் நடுவில் ஒரு வேகம் அகப்பட்டது. அதில் முழு வாக்கியம் வெளியே வந்தது.

"கோழிப்பண்ணை டொரீனுக்குத்தானே? போன மாசமே எனக்குத் தெரியும். தினமும் முட்டை வாங்கறான். ஒத்தை ஆளுக்கு எதுக்குடி அத்தனை முட்டை?"

மெர்லுக்குக் குஷி பிறந்துவிட்டது. முட்டையில் தொடங்கிய பேச்சு டொரீனின் முதல் புருஷனுக்குப் போனது. அங்கிருந்து அவன் விற்ற டிராக்டர், டிராக்டரை வாங்கியவனின் மாமியார் என்று வளர்ந்தது. தானியக் கோபுரம் பக்கவாட்டில் வந்தது, போனது. இருவரும் கவனிக்கவில்லை. கல்லறைத் தோட்டமும் போனது.

"நில்லு, நில்லு," என்றாள் நெரிடா. "நாம எங்க இருக்கோம்?"

"ரயில்வே கேட்டுல."

"இவ்வளவு தூரம் நான் ஓடியா வந்தேன்?"

"பேசி வந்த."

அன்று வாந்தி வரவில்லை. சட்டம் அங்கேயே போடப்பட்டது. மெர்ல் கேட்டால் நெரிடா பதில் சொல்லவேண்டும்; பதில் வராவிட்டால் வேகம் அதிகம், குறை. வார நாட்களில் சின்ன வம்பு, ஞாயிற்றுக்கிழமை பெரிய வம்பு. ஞாயிறுதோறும் போன வாரத்தைவிடக் கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்புவார்கள். மூன்று வாரம் நீட்டினால் நாலாவது வாரம் சுருக்குவார்கள். காலுக்கும் ஓய்வு, மெர்லுக்கும் புதுச் சங்கதி சேர்க்க அவகாசம்.

கோடை வந்தது. ஈக்கள் மூக்குக்குள் குடித்தனம் வைக்கப் பார்த்தன. விடியும் முன்பே கிளம்பி, வெயில் பல்லைக் காட்டுவதற்குள் திரும்பிவிடுவார்கள். தொடைகள் உரசுகிற இடத்தில் வாஸலின் களிம்பு தடவாமல் ஒருநாள் போய்விட்டு, அந்த வாரம் முழுக்க நெரிடா கௌபாய் மாதிரி நடந்தாள். பசி எடுத்தபின் தின்றால் காலம் கடந்துவிடுகிறது என்பதையும் ஒருநாள் சாலையோரம் உட்கார்ந்து தெரிந்துகொண்டாள். அதன்பிறகு அவள் பையில் உப்புப் போட்டு அவித்த உருளைக்கிழங்கும் பச்சை, சிவப்பு ஜெல்லிப் பாம்புகளும் இருந்தன. பசிக்கு முன்பே ஒரு பாம்பின் தலையைக் கடிப்பாள். கிறிஸ்துமஸ் வந்தபோது பத்து கிலோமீட்டர். கோதுமை நிலத்தில் மறுபடி விதைப்பு எந்திரங்கள் இறங்கியபோது பதினாலு. ஒவ்வொரு ஞாயிறும் அவள் வாழ்நாளிலேயே போகாத ஒரு தூரத்துக்குக் காலால் போய்க்கொண்டிருந்தாள். இதை மெர்லைத் தவிர யாரும் கவனிக்கவில்லை.

அவளைத் தினமும் பார்த்த இன்னொருவர் உண்டு, கொலின் ஆங்கோவ். அவர் பார்த்ததோ வேறு.

கர்லூ பிளாட் ஓட்டத்தில் எல்லோரும் ஒன்றாகக் கிளம்புவதில்லை. மெதுவானவர் முதலில், வேகமானவர் கடைசியில். கணக்கு சரியாக இருந்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் எல்லைக்கு வரவேண்டும். அதில் மூக்கை முதலில் நீட்டுகிறவருக்குப் புகையிட்ட முழுப் பன்றித்தொடை பரிசு. யார் எவ்வளவு நேரம் முன்னால் கிளம்பலாம், அதாவது யாருக்கு எவ்வளவு முன்நேரம் என்று பிரிப்பவர் தீவனக் கடை கொலின். கடிகாரம் பார்க்கமாட்டார். "ஒரு தடவை கண்ணால பாத்தா போதும்," என்பார். "ஆட்டோட எடையும் சொல்லுவேன், மனுஷனோட வேகமும் சொல்லுவேன்." கடவுளுக்கு அடுத்தபடியாக நியாயம் தெரிந்தவர் தான்தான் என்ற எண்ணம் அவருக்கு. முன்நேரம் குறைந்துபோனவர்கள் வருஷம் முழுவதும் அவர் கடையில் தீவனம் வாங்காமல் முறைத்துக்கொண்டு திரிவார்கள்.

கொலினின் கடை ஜன்னலைக் கடந்துதான் நெரிடா தினமும் போவாள். சைக்கிளோடு பேசிக்கொண்டு, ஆமைக்கு வழிவிட்டுக்கொண்டு. ஒருமுறை தபால்காரரின் கிழட்டு நாய் நடந்தே அவளை முந்தியது. கொலின் வாய்விட்டுச் சிரித்தார். அவள் ஜன்னலைத் தாண்டி எத்தனை கிலோமீட்டர் போகிறாள் என்பது ஜன்னலுக்குத் தெரியாது; கொலினுக்கும் தெரியாது.

ஓட்டத்துக்கு முந்தைய வாரம், மதுக்கடைச் சுவரில் முன்நேரப் பட்டியல் ஒட்டினார்கள். எல்லோருக்கும் முதலாக நெரிடா. டார்சிக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலே முன்னால்.

"தாராளமா குடுத்திருக்கேன்," என்றார் கொலின். "இருந்தாலும் பாதி ஏரிக்குள்ள எல்லாரும் தாண்டிடுவாங்க. போற வரைக்கும் போகட்டும், பாவம்."

அந்தப் 'பாவம்' நெரிடாவின் காதில் குரைப்பைவிட மோசமாக விழுந்தது. பதில் சொல்லாமல் அவள் வெளியே போனதை மதுக்கடையில் எல்லோரும் கவனித்தார்கள்.

ஓட்ட நாளில் புல்லெல்லாம் உறைபனி. நெரிடா தனியாகக் கிளம்பினாள். ஏரிப்பாதையில் சைக்கிள் விடக்கூடாது என்பது விதி. மெர்ல் கோட்டருகே நின்று மூக்கைச் சிந்தினாள்.

"பேச ஆளில்லாம எப்படிடி ஓடுவ?"

"நான் ஒருத்தி போதாதா?"

போதும் என்றுதான் தெரிந்தது. மெர்லின் குரலில் கேள்வி கேட்டாள், தன் குரலில் பதில் சொன்னாள். வேலிக்கு அந்தப் பக்கம் ஆடுகள் மேய்ச்சலை நிறுத்திவிட்டு, தபால்காரர் குடும்பத்துச் சொத்துத் தகராறு முழுவதையும் கேட்டன. அவள் போனவருஷம் கட்டிப்பிடித்த வேலிக் கம்பம் வந்தது. பேச்சு நடுவில் இருந்ததால் அதைத் தாண்டிய பிறகுதான் அது கம்பம் என்றே உறைத்தது.

திரும்பிப் பார்த்தாள். யாருமே இல்லை.

இந்நேரம் ஆட்கள் ஒவ்வொருவராகத் தாண்டியிருக்க வேண்டுமே? ஏரியும் வானமும் உப்பும்தான் இருந்தன. வழி தவறிவிட்டது, சந்தேகமில்லை. இத்தனை மாசம் உழைத்து, தப்பான ஏரியைச் சுற்றிக்கொண்டிருக்கிறேனா?

ஓடுகிறவர்களுக்குத் தண்ணீர் வைக்கும் மேஜை கண்ணில் பட்டபோதுதான் உயிர் வந்தது. மேஜைமேல் ஒரு கோப்பைகூட இல்லை. பக்கத்தில் ஒரே போர்வைக்குள் இரண்டு தலைகள். ஒன்றில் சாயம் அடித்த மீசை. இன்னொன்று கோழிப்பண்ணை டொரீன்.

"நெரிடா!" கென்வின் போர்வையோடு எழுந்து, அதிலேயே தடுக்கினான். "நீ எங்க இங்க? வழி தெரியாம வந்துட்டியா?"

"அதைத்தான் நானும் யோசிச்சிட்டு வர்றேன். மத்தவங்க எல்லாம் போயிட்டாங்களா?"

"யாரும் வரலியே. நீதான் மொத ஆளு. தண்ணிகூட இன்னும் ஊத்தல."

"பரவால்ல, நான் ஒண்ணும் பாக்கல," என்று போர்வையைப் பார்த்துச் சொல்லிவிட்டு நெரிடா ஓடினாள். மெர்லுக்குச் சொல்ல இப்படி ஒன்று கையில் இருக்கும்போது பாதி வழியில் நிற்க முடியுமா?

ஆனால் கடைசி மூன்று கிலோமீட்டர் மணல். அவள் இதுவரை போகாத தூரம். தொடைகள் ஈரக் கோணிமூட்டையாகக் கனத்தன. வம்பு தீர்ந்துபோனது. கடைசி ஜெல்லிப் பாம்பை வாலோடு விழுங்கினாள். 'நட, கொஞ்சம் நட' என்று இடுப்பு கெஞ்சியது. நடந்தால் நின்றுவிடுவோம், நின்றால் வண்டி வரும் என்று கால் சொன்னது. அவள் காலின் பேச்சைக் கேட்டாள்.

அப்போதுதான் பின்னால் தடதடவென்று சத்தம். வழியில் எல்லோரையும் முந்தி வந்த டார்சி, நெரிடாவை மட்டும் காணாமல், பன்றித்தொடை போய்விடுமோ என்று பயந்துபோய், இருந்த வேகத்தை எல்லாம் மணலில் கொட்டி ஓடிவந்திருந்தான். முகம் பீட்ரூட். அவளுக்குப் பக்கத்தில் வந்தான். தாண்டப் பார்த்தான்.

வழக்கம் விடவில்லை. "டார்சி, உங்கம்மா இடுப்பு ஆபரேஷன் எப்படி இருக்கு?" என்று கேட்டாள் நெரிடா.

"ந... நல்..."

அவ்வளவுதான் வந்தது. நெரிடா அவனைத் திரும்பிப் பார்த்தாள். ஊரிலேயே வேகமான காலிடம் ஒரு வார்த்தைக்குக் காற்று இல்லை. தன்னிடமோ ஒரு முழுக் கேள்விக்கு இருந்தது, இன்னொன்றுக்கும் இருந்தது. ஓட்டத்தின் நடுவில் முதல்முறையாக அவளே விரும்பி வாயை மூடினாள். மிச்சமிருந்த காற்றை எல்லாம் காலுக்குக் கொடுத்தாள்.

எல்லைக்கோட்டில் ரொட்டியும் கையுமாக நின்றவர்கள், மணல்மேட்டின் மேல் எழுந்த தலை யாருடையது என்று பந்தயம் கட்டினார்கள். ஒருவரும் சரியாகச் சொல்லவில்லை. தலை இறங்கி வந்தது, முழு ஆளானது, கையை விரித்துக்கொண்டு கோட்டைத் தாண்டியது. ஒரு சத்தம் கிளம்பியது பாருங்கள், ஏரியிலிருந்த நெட்டைக்கால் பறவைகள் அத்தனையும் எழும்பிவிட்டன. டார்சி இரண்டாவதாக வந்து அப்படியே மல்லாந்தான்.

"அம்மா... நல்லா... இருக்காங்க," என்றான் வானத்தைப் பார்த்து.

நெரிடா உட்காரவில்லை. உட்காரச் சொன்னவர்களிடம் மாட்டேன் என்றாள். கால் நடுங்க நடுங்க, கன்னத்தில் கண்ணீரும் உப்பும் கோடு போட, நின்றுகொண்டே பன்றித்தொடையை வாங்கிக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டாள். மெர்ல் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, பன்றித்தொடையையும் சேர்த்து நனைத்தாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு கொலின் வந்தார்.

"என்னை ஏமாத்திட்ட நெரிடா. வருஷம் பூரா வேகத்தை ஒளிச்சு வச்சிருக்க."

"உங்க கடை ஜன்னல் முன்னாடிதானே கொலின் தினமும் ஓடினேன்? ஒளிச்சு வைக்கிறவ அங்கயா வைப்பா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் கொலினின் காது சிவந்தது. நியாயஸ்தர் முகத்தை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"சரி, கேட்டுக்கோ. அடுத்த வருஷம் உனக்குச் சலுகை கிலுகை கெடையாது. டார்சிக்கு அரை மணி முன்னாடி, அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு நிமிஷம் தரமாட்டேன்."

கர்லூ பிளாட்டில் இதைவிடப் பெரிய தண்டனை இல்லை. இதற்காகவே இரண்டு குடும்பங்கள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கின்றன. எல்லோரும் நெரிடாவின் முகத்தைப் பார்த்தார்கள்.

நெரிடா பக்கத்திலிருந்தவர் கையிலிருந்த தொத்திறைச்சி ரொட்டியைப் பிடுங்கி ஒரு கடி கடித்தாள்.

"அரை மணியா? ரொம்ப ஜாஸ்தி," என்றாள் மென்றுகொண்டே. "கொஞ்சம் கொறைச்சுப் போடுங்க கொலின்."