தொண்ணூறு நாளும் ஒரு ராகு காலமும்

ஐங்கரத்தானே, வானேறப் புறப்பட்டுத் தரையிலேயே தங்கிய அடியேனின் கதை தடையின்றி நிறைவேற அருள்வாய்.

நாள், ஆடிப்பெருக்கு, சனிக்கிழமை. தேவர்கள் பூமாரி பொழிந்ததாகக் கோயிலில் பதிகம் பாடிப் பாடிப் பழகிய நாவு என்னுடையது. நிறைந்தோடும் காவிரியை அன்று நானும் வானிலிருந்து பூத்தூவி வணங்குவேன் என்று படித்துறை முழுதும் பறைசாற்றியிருந்தேன். சிறு விமானம் ஓட்டும் உரிமம் பெற்ற என் மகள் அழைத்துச் செல்வதாக ஏற்பாடு. ஒன்பதுக்கு ராகு காலம். அதற்குள் ஏறிவிட வேண்டும் என்று நேரமும் குறித்தேன்.

பயிற்சித் திடலில் பூக்கூடையோடு விமானத்தை நெருங்கினேன். மகள் தடுத்தாள்.

"இருங்கப்பா. நான் ஓட்டி நாலு மாசம் ஆச்சு. ஆள ஏத்தணும்னா தொண்ணூறு நாளுக்குள்ள மூணு தடவை ஏறி இறங்கியிருக்கணும். தனியா போயிட்டு வந்துடறேன்."

"ஏம்மா, கத்துக்கிட்ட வித்தை மறந்தா போயிடும்? பதிகம் பாடறதுக்கு முன்னாடி நான் என்ன மூணு தடவை ஒத்திகையா பாக்கறேன்?"

"நீங்க நடுவுல மறந்தா சாமி கோவிச்சுக்காது. நான் மறந்தா? அப்புறம், அந்தப் பூவையும் மேலேருந்து போட முடியாது."

அவள் ஏறினாள், இறங்கினாள். மகளை அயலார்போல் சோதிக்கும் அந்த விதியின் அற்பத்தனத்தைப் பூக்கூடையிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். மூன்றாம் முறை இறங்கி, கதவைத் திறந்து, "வாங்கப்பா" என்றாள்.

கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது தாண்டிவிட்டது. கால் எழவில்லை.

"ராகு காலம்மா..."

மகள் சிரிக்கவில்லை, அதுதான் சுட்டது. "சரி. என் விதிக்கு நீங்க காத்திருந்தீங்க. உங்க விதிக்கு நான் காத்திருக்கேன்."

ராகு காலம் விலகியது. அதற்குள் ஆடிக்காற்று எழுந்துவிட்டது. திடலோரக் கம்பத்தில் விறைத்து நின்ற காற்றுப்பையைப் பார்த்தவள், இன்று பறக்க முடியாதென்று விமானத்தைக் கட்டிப்போட்டாள்.

மாலையில் படித்துறையில் எல்லாரையும் போலக் குனிந்து பூவை ஆற்றில் விட்டேன்.

"மேலேருந்து காவிரி எப்படிங்க இருந்துச்சு?" என்றார் பக்கத்து வயல்காரர்.

எனக்கு முன்பே மகள் சொன்னாள்: "இன்னைலேருந்து தொண்ணூறு நாள் எனக்குச் செல்லும் மாமா. அப்பா அதுக்குள்ள ஒரு நல்ல நேரம் பாத்துடுவாங்க."

அன்றிரவே பஞ்சாங்கத்தை விரித்தேன். ஆடி கழிந்து காற்றடங்கும் நாளெல்லாம் ஏதோ ஒரு தோஷத்தோடு வருகிறது.

இதைப் படிப்போர் அனைவர்க்கும் ஏறும் நேரம் நன்றாகுக. இறங்கும் நேரம் அதனினும் நன்றாகுக. காவிரி போல் வாழ்வு நிறைக.