வெயில் விளக்குப் பயிற்சியும் என் கணவரின் கண்ணும்

தெரணியகலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நாங்கள் இருக்கிறோம். சென்ற வருடம் என் கணவர், வெயிலில் மின்சாரம் எடுக்கும் தகடு பொருத்தும் பயிற்சிக்குக் கொழும்பு போனார். முடித்து வந்தால் வேலை தருவதாகக் கம்பெனி சொல்லியிருந்தது.

திரும்பி வரும்போது, பழகிப் பார்க்க ஒரு தகடும் பழைய பேட்டரியும் கொண்டுவந்து, எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் விளக்கெரித்துக் காட்டினார். வரிசை வீட்டு லயமே கூடி நின்று பார்த்தது.

மறுநாள் பகலிலேயே மழை இருட்டு. பேட்டரியில் தண்ணீர் இருக்கிறதா என்று மூடியைத் திறந்தவர், “அந்தக் குப்பி லாம்பக் கொண்டா புள்ள” என்றார். மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றிக் கொடுத்தேன். அவர் அதைக் கிட்டே பிடித்ததும் பேட்டரி வெடித்தது. ஆசிட் பட்டு வலது கண் போய்விட்டது.

பேட்டரியிலிருந்து தீப்பற்றும் வாயு வருமென்று ஆஸ்பத்திரியில்தான் தெரிந்துகொண்டோம். பயிற்சியில் அதைச் சொல்லவில்லையாம். ஒற்றைக் கண்ணோடு கூரை ஏற முடியாதென்று கம்பெனியும் கைவிட்டது. அவர் மறுபடி ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறார்.

போன வாரம் என் கொழுந்தன் அதே பயிற்சிக்குக் கிளம்பினார். மாமி அழுதார். “போகட்டும்மா, அவனாச்சும் தோட்டத்த விட்டுப் போகட்டும்” என்றார் என் கணவர். நான், “பொருத்துறதப் பெறகு படிங்க தம்பி. எது ஆளக் கெடுக்கும்னு மொதல்ல கேளுங்க” என்று சொல்லி அனுப்பினேன்.

இப்போது லயத்தில் யார் பேட்டரியைத் திறந்தாலும், அங்கிருக்கும் லாம்பை நானே வெளியே கொண்டுபோய் அணைத்துவிடுகிறேன். வெளிச்சம் போதாதென்றால், மழை விடும்வரை பொறுக்கச் சொல்கிறேன்.