ஒரு கப்பல், இரண்டு ஷிப்டு

மவுரீனுக்கு எதையும் விசாரிக்காமல் விட முடியாது. பக்கத்து வீட்டு வாசலில் புது மோட்டார் சைக்கிள் நின்றால், அது யாருடையது, எதற்கு வந்தது, எப்போது போகும் என்று தெரிந்தால்தான் அன்றைக்குச் சோறு இறங்கும். ஜெராம் ஊர் மீன் உருண்டைத் தொழிற்சாலையில் அவளோடு ஒரே மேசையில் பொட்டலம் கட்டும் புஷ்பா, "ஒன்ன போலீஸ்ல சேத்திருக்கணும்லா" என்று சிரிப்பாள். அப்படிப்பட்டவள் ஒரே ஒரு கேள்வியை மட்டும் மூன்று வாரமாக வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிந்தாள்.

கேள்வி அவள் கணவர் ராஃபேலைப் பற்றியது. அவர் செம்பனை எண்ணெய் ஆலையில் கொதிகலன் பார்ப்பவர். பதின்மூன்று வருடமாக மாலை நான்கு மணிக்கு வேலைக்கு ஏறினால் விடியற்காலை நான்குக்குத்தான் இறங்குவார். மவுரீனுக்கோ காலை ஏழிலிருந்து மாலை நான்கு வரை வேலை. புக்கிட் ரோத்தான் வீட்டில் மாலையில் அவர் பூட்டிவிட்டுப் போன கதவை அவள் வந்து திறப்பாள்; விடியற்காலையில் அவர் வரும்போது அவள் தூங்குவாள், அவள் கிளம்பும்போது அவர் தூங்குவார். மகள் டிஃபனி சின்னவளாக இருந்தபோது, வீட்டில் யாராவது ஒருவர் இருக்கட்டும் என்று இருவரும் பேசிச் செய்த ஏற்பாடு அது. இப்போது டிஃபனி ஈப்போவில் நர்சிங் படிக்கிறாள். ஏற்பாடு மட்டும் தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. ஞாயிறு பூசைக்கு ஒன்றாகப் போவார்கள். திரும்பி வந்ததும் ராஃபேல் தூங்கிவிடுவார்.

அப்படிப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் ஆலை மேற்பார்வையாளர் செல்வா அவளை சர்ச் வாசலில் நிறுத்தினார்.

"அக்கா, பகல் ஷிப்டுல எடம் காலியாச்சி. அண்ணன கேட்டேன், பாக்கலாம்னாரு. மாசக் கடைசிக்குள்ள சொல்லச் சொல்லுங்க. இல்லன்னா வேற ஆளப் போட்டுருவாங்க."

ராஃபேல் இதைப் பற்றி அன்றைக்கும் மூச்சு விடவில்லை, அடுத்த வாரமும் விடவில்லை. தன்னோடு ஒரே நேரத்தில் வீட்டில் இருக்க இந்த மனிதருக்கு விருப்பமில்லையோ? ஊரார் கதையெல்லாம் கேட்கும் வாய் இதைக் கேட்கப் பயந்தது. கேட்டால் பதில் வந்துவிடுமே.

இதற்கு நடுவில்தான் அந்தப் பொம்மைப் படம் வந்து சேர்ந்தது. விடுமுறைக்கு வந்திருந்த டிஃபனி தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். திரையில் முகத்தில் பாதி அளவுக்குக் கண் உள்ள ஒரு ஜப்பான்காரப் பெண்.

"இதுக்கா அழுவுற? கார்ட்டூன்டி."

"அனிமேமா. சொன்னா புரியாது. பாத்தாதான் தெரியும்."

மவுரீனிடம் போய் இப்படிச் சொல்லலாமா? மகள் பஸ் ஏறிய அன்றே முதல் பாகத்தைப் போட்டுவிட்டாள்.

நாற்பது வருடப் பயணம் போகும் ஒரு விண்கப்பல். அதில் ஒரு மாலுமி, ஒரு பொறியாளர் பெண். இரண்டு பேர் மட்டும்தான். ஆனால் ஒருவர் விழித்திருக்கத்தான் காற்றுப் போதும். ஒரு மாதம் அவன் வேலை பார்ப்பான், அவள் பெட்டிக்குள் தூங்குவாள். அடுத்த மாதம் அவள் எழுந்துகொள்வாள், அவன் தூங்குவான். பெட்டிக் கண்ணாடியில் பனி படிந்திருப்பதால் முகம்கூடச் சரியாகத் தெரியாது. ஒரு நாள் அவள் எழுந்து பார்க்கிறாள், போன முறை விழித்திருந்தபோது உடைந்த அவளுடைய கோப்பையை அவன் ஒட்டி வைத்திருக்கிறான். அவ்வளவுதான் கதை. அதற்கே அந்தப் பெண் உருகிப்போகிறாள்.

முகம் தெரியாத ஒருவனிடம் அப்படி என்ன இருக்கிறது என்று மவுரீனுக்கு முதலில் விளங்கவில்லை. படத்துக்கு அடியில் வரும் மலாய் எழுத்துகளை ஓடி ஓடி வாசித்துக்கொண்டிருந்தவள், அந்தப் பெண் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது வாசிப்பதை நிறுத்திவிட்டாள். அவளுக்கு விண்வெளியும் தெரியாது, ஜப்பானும் தெரியாது. வேலை முடிந்து வந்தால் காய்ந்த துணி மடித்துக் கிடப்பதும், மடித்த ஆளைக் காணாததும் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

மறுநாள் தொழிற்சாலையில் புஷ்பாவிடம் கதை முழுவதையும் ஒப்பித்தாள். "காத்து இல்லன்னா ரெண்டு பேரா எதுக்கு ஏத்துனானுங்க?" என்று புஷ்பா கேட்டாள்.

ஆனால் தொலைக்காட்சி ஒழுங்காக இல்லை. நான்காம் பாகத்தில் நிறுத்தினால் மறுநாள் ஆறில் திறந்தது. மவுரீனுக்குத் 'தொடர்க' என்ற பொத்தானை அமுக்கத்தான் தெரியும், பின்னால் போகத் தெரியாது. தான் உட்கார்ந்தபடியே தூங்கியிருப்போம், படம் அதுபாட்டுக்கு ஓடியிருக்கும் என்று நினைத்து, விட்டுப்போனதைத் தானே கற்பனை செய்து நிரப்பிக்கொண்டாள். பிறகு அந்தப் பெண் கையில் கட்டோடு வந்து நின்றபோது பொறுக்க முடியாமல் டிஃபனியைப் போனில் கூப்பிட்டாள்.

"இவ எப்படி கைய ஒடச்சிக்கிட்டா?"

"அது அஞ்சாவது எபிசோட்மா. நீ பாக்கலயா? அப்ப வேற யாரோ பாத்திருக்காங்க, அதான் தாண்டிடுச்சி."

"வேற யாரு?"

"வீட்ல வேற யாரு இருக்கா? அப்பாதான்லா."

மவுரீன் போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பந்து விளையாட்டைத் தவிர எதையும் பார்க்காத ராஃபேல், பகலில் எழுந்து, சாப்பிட்டு, வேலைக்குக் கிளம்புமுன் இதே நாற்காலியில் உட்கார்ந்து இந்தக் காதல் கதையைப் பார்த்திருக்கிறார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. இந்தப் படத்தில் அவருக்கு என்ன பிடித்திருக்கும் என்று குடைச்சலும் சேர்ந்து வந்தது.

வேவு பார்க்க ஆரம்பித்தாள். தினமும் வந்ததும் படம் எங்கே நிற்கிறது என்று பார்த்தாள். ஒன்பதாம் பாகத்துக்கு வந்தபின், ராத்திரி அவள் அதைத் தாண்டிப் பார்த்தாலும் மறுநாள் படம் அங்கேயே திரும்பி வந்து நின்றது. திங்கள், செவ்வாய், புதன், மூன்று நாளும் ஒரே காட்சி. மாலுமி அவள் பெட்டிக்கு முன்னால் நிற்கிறான். காற்று கொஞ்சம் மிச்சமிருக்கிறது. ஒரே ஒரு நாள் இருவரும் விழித்திருக்கலாம். பெட்டியைத் திறக்கும் நெம்புகோலைப் பிடித்தபடி நிற்கிறவன், "என்னைப் பார்த்ததும் அவளுக்கு ஏமாற்றமாகிவிட்டால்?" என்று சொல்லிக் கையை எடுத்துவிடுகிறான். அந்த இடத்தைத்தான் ராஃபேல் மூன்று நாளாகத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்.

மாதம் முடிய இரண்டு நாள்தான் இருந்தது.

வியாழக்கிழமை அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, வேலைச் சட்டையோடு பன்னிரண்டரைக்கே வீட்டுக்கு வந்துவிட்டாள். கதவைத் திறந்தபோது ராஃபேல் கைலியும் பனியனுமாக அதே காட்சியின் முன் உட்கார்ந்திருந்தார். ரிமோட்டைத் தேடித் தடவினார். கண் சிவந்திருந்தது.

"என்னா, ஒடம்பு சரியில்லயா, எம்.சி.யா?"

"ஒடம்புக்கு ஒன்னுமில்ல. செல்வாவுக்கு ஏன் இன்னும் பதில் சொல்லல?"

அவர் திரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். கடைசியில் ஓட முடியாது என்று தெரிந்ததும் மெல்லச் சொன்னார்.

"நீ வந்து கால நீட்டி ஒக்காருற வீடு இது. ஒன் இஷ்டத்துக்குச் சமைக்கிற, ஒன் இஷ்டத்துக்குத் தூங்குற. பதிமூணு வருஷமாச்சி. நான் தெனமும் எதுக்க வந்து ஒக்காந்தா, ச்சே, இந்தாளான்னு ஒனக்கு ஆயிடும்லா."

மூன்று வாரமாக அவள் எதை நினைத்துப் பயந்தாளோ, அதையே இந்த மனிதரும் நினைத்துப் பயந்திருக்கிறார். மவுரீனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர்மேல் பாதி, தன்மேல் பாதி.

"அத நான்ல சொல்லணும்? என்ன ஒரு வார்த்த கேட்டீங்களா? அவன் கார்ட்டூன் ஆளு, அறிவு இல்ல. ஒங்களுக்குமா?"

"கேக்கப் பயமா இருந்துச்சி மவுரீன்."

"எனக்கும்தான்" என்றாள். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

ராஃபேல் போனை எடுத்தார். செல்வாவிடம் ஒரே வரியில், "வரேன்பா, பகலுக்கு" என்றார். அந்தப் பக்கம் செல்வா ஏதோ கேட்க, "ஆமா, வீட்ல கேட்டுட்டேன்" என்று சொல்லி வைத்தார்.

மவுரீன் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். தண்ணீர் கொதித்தது. இரண்டு கோப்பையில் தேநீர் ஊற்றிவிட்டு, கரண்டியோடு அப்படியே நின்றாள். இத்தனை வருடமும் அவரவர் தேநீரை அவரவரே போட்டுக் குடித்தவர்கள். இப்போதெல்லாம் ராஃபேல் சர்க்கரை போட்டுக்கொள்கிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

எட்டிப் பார்த்து, கேட்டாள்.