கொட்டுப்பட்டவள் முன்னால் போக வேண்டும்

இலங்கையில் காப்பி விளைந்த காலத்தில், கண்டியை அடுத்த கலகெதரப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரு வழக்கம் இருந்தது. செடிகளுக்குள் குளவிக்கூடு தென்பட்டால், முன்பு குளவி கொட்டிப் பிழைத்த ஆள்தான் புகைப்பந்தத்தோடு முதலில் போக வேண்டும். அந்த உடம்புக்கு விஷம் பழகிவிட்டது, இனி ஒன்றும் செய்யாது என்று எல்லோரும் நம்பினார்கள்.

வேலாயி அதில் மாட்டிக்கொண்டாள். புருஷன் அழகையாவோடு இந்தியாவிலிருந்து தோணியில் கடல் கடந்து, பிறகு நடந்து வந்தவள். வந்த வருடமே, பழம் பறிக்கும்போது கழுத்தில் ஒரு குளவி கொட்டியது. உடம்பெல்லாம் தடித்துச் சிவந்தது. உதடு வீங்கி மூச்சு இழுத்தது. பொழுது சாய்வதற்குள் எல்லாம் வடிந்துவிட, சுண்ணாம்பு தடவியதால்தான் பிழைத்தாள் என்று தொழிலாளர் குடியிருந்த லயத்தில் பேசிக்கொண்டார்கள்.

மறுவருடம் மேல்மலையில் ஒரு கூடு தென்பட்டது. வேலையாட்களை மேற்பார்த்த பொன்னையா கங்காணி அவளைக் கூப்பிட்டார்.

"ஏய் வேலாயி, பந்தத்த எடு. ஒன்னயத்தான் குளவிக்கு நல்லாத் தெரியுமே, விருந்து வச்சிருக்கும்."

பறித்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள்.

"பயமா இருக்குங்க. போன தடவ நெஞ்சே அடச்சுப் போச்சு."

"அடச்சது தொறந்துருச்சுல்ல? போ, போ."

 அழகையாவும் அந்த வழக்கத்தை நம்பியதால் தடுக்கவில்லை.

பந்தம் புகையத் தொடங்கும் முன்பே குளவிகள் கிளம்பிவிட்டன. கொட்டு வாங்கியபடியே வேலாயி கீழ்நோக்கி ஓடினாள். சரிவில் தலைகுப்புற விழுந்தாள். கால்கள் மேலே ஒரு காப்பிச் செடியில் மாட்டிக்கொண்டன. அழகையா கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாய்ந்தான்.

"தூக்கி நிறுத்துடா! நடக்க வையி! படுத்தா விஷம் தலைக்கு ஏறிரும்!" என்று கங்காணி தூரத்தில் நின்று கத்தினார்.

பாம்பு கடித்தவர்களை அங்கே அப்படித்தான் நடக்க வைப்பார்கள். அழகையாவும் அவளைத் தூக்கப் பார்த்தான். குளவிகள் கம்பளிமேல் மொய்த்தன. வேறு வழியின்றி அவளைக் கிடந்தபடியே விட்டு, மேலே கவிழ்ந்து மூடிக்கொண்டான். அவள் முகம் வெளுத்திருந்தது. கூப்பிட்டால் பதில் இல்லை. வெகுநேரம் கழித்து வாந்தி எடுத்தாள். பிறகு மூச்சு சீராக வந்தது.

அன்று அவனுக்குத் தெரியாததை இன்று நாம் ஒவ்வாமை அதிர்ச்சி என்கிறோம். முன்பு பட்ட கொட்டு எல்லோரையும் பழக்கிவிடுவதில்லை. சிலருடைய உடம்பு அந்த விஷத்தைப் பகையாக நினைவில் வைத்துக்கொள்கிறது. அடுத்த கொட்டில் தன்னையே வருத்தும் அளவுக்குச் சண்டை போடுகிறது. தொண்டை அடைக்கும், இரத்த அழுத்தம் விழும். அப்போது நிற்க வைத்தால் உயிரே போகலாம். படுக்கவைத்துக் கால்களை உயர்த்த வேண்டும். மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரவிடலாம். தொடையில் தாமதிக்காமல் அட்ரினலின் ஊசி போட்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். வேலாயி காலத்தில் அந்த ஊசி இல்லை. அவளுக்குக் கிடைத்தது ஒரு சரிவு மட்டும்தான்.

அவள் எழுந்து நடமாடியதும் கங்காணிக்குப் பெருமை. "ரெண்டு தடவ தப்பிச்சவ. இனி இவதான் நம்ம குளவிக்காரி!"

மறுபடி ஒரு கூடு தென்பட்டபோது அழகையா பந்தத்தைப் பிடுங்கிக்கொண்டான். "நா போறேங்க."

"ஒன்னய ஒன்னுகூட கொட்டலியேடா. நீ பழகாதவன்."

"பழகுனவ செத்துக் கெடந்ததப் பாத்தவன் நாந்தாங்க."

போய்க் கூட்டைக் கொளுத்திவிட்டு வந்தான். கையிலும் தோளிலும் கொட்டுகள். வீங்கி வலித்ததோடு சரி. கங்காணி அவன் தோளைத் தட்டினார். "இப்ப நீயும் பழகிட்டே. அடுத்ததுக்கு நீதான்."

அழகையாவுக்குச் சிரிப்பு வந்தது. வேலாயியால் சிரிக்க முடியவில்லை. அவளுக்கும் முதல் தடவை வடிந்துதானே போனது?

"வாங்க, போயிருவோம்" என்றாள் அன்று மாலை.

சொல்லாமல் தோட்டத்தை விட்டால் பிடித்து மறியல் என்கிற சிறையில் போடுவார்கள். தெரிந்தும் புறப்பட்டார்கள். காட்டுவழியாகக் கண்டிக்குப் போய், காப்பியைக் காயவைத்துச் சுத்தம் செய்யும் ஸ்டோர் ஒன்றில் வேலாயி கொட்டை பொறுக்கும் வேலையில் சேர்ந்தாள். தேடி யாரும் வரவில்லை.

ஆனாலும் பழக்காலம் வந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. பழைய தோட்டத்து லயத்தில் கொட்டுப்பட்ட பெண்கள் வேறு சிலரும் இருந்தார்கள். அடுத்த கூட்டுக்கு அவர்களில் யாரை அனுப்பினார்கள் என்று தோட்டத்திலிருந்து வரும் வண்டிக்காரர்களிடம் கேட்டுப் பார்ப்பாள். அவர்களுக்குத் தெரிந்ததே இல்லை.